பழைய டிராக்டரின் முன் ஆக்சிலும் ஸ்டீரிங்கும்: ஆட்டம் எடுப்பதிலிருந்து பவர் ஸ்டீரிங் வரை முழு வழிகாட்டி

பழைய வண்டிக்கு பவர் ஸ்டீரிங் போட வேண்டும் என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஸ்டப் ஆக்சில் (முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் தண்டு) புஷ், அதாவது அந்தத் தண்டு நின்று திரும்பும் வெண்கல வளையம், கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்பதுதான். பெரும்பாலும் பதில் வராது. சக்கரத்தைத் தூக்கி ஆட்டிக் காட்டினால் அவர்களுக்கே முகம் மாறிவிடும்.

ஆட்டம் உள்ள ஆக்சிலில் பவர் ஸ்டீரிங் போட்டால் ஆட்டம் போகாது. கைக்குத் தெரியாமல் போகும். அவ்வளவுதான். அதனால் இந்த வேலையைத் தரையிலிருந்து மேல்நோக்கிச் செய்ய வேண்டும். சக்கரம், ஹப் (சக்கரத்தின் நடு), ஸ்டப் ஆக்சில், சென்டர் பின் (ஆக்சில் தொங்கும் நடுப் பின்), டை ராடு (இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் குறுக்குத் தண்டு), ஸ்டீரிங் பாக்ஸ், எல்லாம் முடிந்த பிறகு ஹைட்ராலிக். கீழே சொல்வது 35 முதல் 45 குதிரைத்திறன் கொண்ட, முன்பக்கம் 6.00-16 டயர் ஓடும் டூ வீல் டிரைவ் வண்டிகளுக்கு.

## 1. தொடங்கும் முன்

காலம் பாருங்கள். டெல்டாவில் என்றால் அறுவடை முடிந்து, மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறக்கும் முன்பு வண்டி சும்மா நிற்கும் கோடைதான் சரி. ஸ்டப் ஆக்சில் கழன்று லேத் பட்டறையில் கிடக்கும்போது சேறு அடிக்கக் கூப்பிட்டால் அவசரத்தில் பழைய புஷ்ஷையே திரும்பத் தட்டிவிடுவோம். நானே செய்திருக்கிறேன்.

வேண்டிய சாமான்: 5 டன் ஜாக்கி, இரண்டு இரும்பு ஸ்டாண்டு, நல்ல வேப்பங்கட்டை அல்லது தேக்கில் வெட்டிய ஆப்பு நான்கு, பால் ஜாயிண்ட் புல்லர், ஒரே எடையில் இரண்டு சுத்தியல், வெர்னியர், கிரீஸ் கன், டேப், சென்டர் பஞ்ச், சாக்பீஸ்.

புது உதிரிகளை முன்கூட்டியே வாங்கிக் குவிக்க வேண்டாம். ஒரே மாடலிலேயே வருடத்துக்கு வருடம் புஷ் அளவும் டேப்பர் (ஜாயிண்டின் கூம்பு) அளவும் மாறியிருக்கும். முன்பு யாராவது வேறு வண்டியின் ஸ்டப்பைக்கூட மாட்டியிருக்கலாம். கழற்றி, அளந்து, பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எல்லா நட்டிலும் முந்தின இரவே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி வையுங்கள்.

## 2. ஆட்டம் எங்கே இருக்கிறது?

வண்டி தரையில் நிற்கட்டும், இன்ஜின் நிற்கட்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டீரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சமாக ஆட்ட வேண்டும். நீங்கள் ஒவ்வொரு ஜாயிண்டாகக் கையை வைத்துப் பாருங்கள். இரண்டு பாகமும் சேரும் இடத்தில் விரலை வைத்தால், கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும்.

வரிசை முக்கியம். ஸ்டீரிங் அசைந்தும் பாக்ஸிலிருந்து வரும் டிராப் ஆர்ம் அசையவில்லையா, குறை பாக்ஸில். டிராப் ஆர்ம் அசைந்து, அதிலிருந்து சக்கரப் பக்கம் போகும் டிராக் லிங்க் அசையவில்லையா, அந்த ஜாயிண்டில். லிங்க் அசைந்து, ஸ்டப் மேலிருக்கும் ஆர்மும் அசைந்து, சக்கரம் திரும்பவில்லையா, ஆர்மைத் தண்டோடு பூட்டும் சாவியோ பல்லோ தேய்ந்திருக்கிறது. இந்தக் கடைசிக் குறையை முக்கால்வாசிப் பேர் பார்ப்பதே இல்லை.

பிறகு சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஹப்பும் ஸ்டப்பும் தனித்தனியாக அசைந்தால் ஹப் பேரிங். இரண்டும் ஒன்றாக அசைந்து ஆக்சில் மட்டும் நின்றால் புஷ். கண்டதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வண்டியைப் பிரித்த பிறகு எது எங்கே ஆடியது என்று நினைவிருக்காது.

## 3. தூக்கி நிறுத்துவது

டிராக்டரின் முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் ஊஞ்சல் மாதிரி தொங்குகிறது. ஜாக்கியை இன்ஜினுக்கு முன்னால் உள்ள வார்ப்பின் கீழ் வைத்துத் தூக்கினால் ஆக்சில் தொங்கும். ஆக்சிலின் ஒரு முனையில் வைத்துத் தூக்கினால் வண்டி அந்தப் பின்னைச் சுற்றிச் சாயும். இரண்டாவது வகையில் ஆள் சிக்கிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஆக்சிலுக்கும் மேல் வார்ப்புக்கும் இடையே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்த பிறகே தூக்குங்கள். ஊஞ்சல் ஆட்டம் அப்போதுதான் நிற்கும். தூக்கியதும் எடையை ஸ்டாண்டுக்கு மாற்றுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்.

## 4. ஹப் பேரிங்

இது சுலபமான வேலை, அதனால் அவசரமாகச் செய்து கெடுப்பார்கள். பழைய கிரீஸை டீசலில் முழுக்கக் கழுவுங்கள். சேற்றுத் தண்ணீர் போன ஹப்பில் கிரீஸ் சாம்பல் நிறத்தில் இருக்கும். மேலேயே புது கிரீஸ் அப்பினால் மணல் உள்ளேயே இருந்து அரைக்கும். ஆயில் சீலைப் பார்த்துப் பார்த்து யோசிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

டேப்பர் ரோலர் பேரிங்கில் நட்டை இறுக்கும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்க வேண்டும். சுற்றாமல் இறுக்கினால் ரோலர்கள் இடத்தில் உட்காராது. பத்து கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஆட்டம் வரும். சுற்றக் கனமாகத் தெரிந்ததும் நட்டை ஆறில் ஒரு பங்கு திருப்பி விட்டு, பக்கத்து ஓட்டையில் புது ஸ்ப்ளிட் பின் போடுங்கள்.

## 5. ஸ்டப் ஆக்சிலும் புஷ்ஷும்

வேலையின் உயிர் இங்கேதான். செங்குத்தாக நிற்கும் தண்டும் சக்கரம் மாட்டும் தண்டும் ஒரே துண்டு. செங்குத்துத் தண்டு ஆக்சில் முனைக் குழாயில் மேலே ஒரு புஷ், கீழே ஒரு புஷ் என்று நின்று திரும்புகிறது. வண்டியின் எடையைக் கீழே உள்ள திரஸ்ட் பேரிங் தாங்குகிறது.

மேல் ஆர்மைக் கழற்றும் முன் ஆர்மிலும் தண்டு நுனியிலும் சேர்த்து ஒரு பஞ்ச் அடையாளம் போடுங்கள். பல் வைத்த தண்டில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் சக்கரம் கோணும். அதைச் சரிக்கட்ட டை ராடை இழுத்துவிடுவார்கள். நேராக ஓடும்போது சரியாகத் தெரியும், வளைவில் டயர் தேயும்.

தண்டைக் கீழே இறக்கியதும் துடைத்து, புஷ் உட்காரும் இரண்டு இடத்திலும் வெர்னியரால் முன்பின்னாக ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை அளங்கள். நடுவில் புஷ் படாத இடம்தான் உங்கள் அசல் அளவு. போன வருடம் என்னிடம் வந்த ஒரு வண்டியில் கீழ்ப் புஷ் கோழி முட்டை போல நீண்டிருந்தது. ஒரு பக்கம் வெண்கலமே இல்லை, தண்டு குழாயிலேயே உரசியிருந்தது. அதன் மேல் அடிக்கப்பட்டிருந்த கிரீஸ் மட்டும் புத்தம் புதிது.

காரணம், புஷ்ஷின் கிரீஸ் ஓட்டை குழாயின் நிப்பிளுக்கு (கிரீஸ் கன் மாட்டும் வாய்) நேராக இல்லை. புஷ் அடித்தவர் கால் சுற்றுத் திருப்பி அடித்துவிட்டார். அந்த வண்டிக்காரர் வாரம் தவறாமல் கிரீஸ் அடித்தும் அது உள்ளே போகவே இல்லை. எனவே புஷ்ஷை ஏற்றும் முன் குழாயின் வெளியே நிப்பிளுக்கு நேராகச் சாக்பீஸ் கோடு போட்டு, புஷ் ஓரத்திலும் கோடு போட்டு, இரண்டும் சேர ஏற்றுங்கள். ஏற்றியதும் தண்டு போடாமலே கிரீஸ் கன்னை ஓர் அடி அடித்து, உள்ளே வருகிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள்.

புஷ்ஷைச் சுத்தியலால் நேரடியாக அடிக்கக் கூடாது, வாய் மடங்கும். நீள போல்ட், இரண்டு கனத்த வாஷர், ஒரு நட்டு இருந்தால் இழுத்தே ஏற்றிவிடலாம். முந்தின இரவு புஷ்ஷைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் கொஞ்சம் சுருங்கி எளிதாக ஏறும். வீட்டில் திட்டு விழும், அது தனி.

குழாயில் இறுகியதும் புஷ்ஷின் உள்வட்டம் சிறுத்துவிடும். ரீமர் (ஓட்டையை அளவாகச் செதுக்கும் கருவி) போட்டே ஆக வேண்டும். மேல், கீழ் இரண்டு புஷ்ஷையும் ஒரே நேரில் தொடும் நீள ரீமராக இருக்க வேண்டும். தனித்தனியாகப் போட்டால் இரண்டு ஓட்டையும் நேர்கோட்டில் இராது, தண்டு பிடிக்கும். எண்ணெய் தடவிய தண்டு கை அழுத்தத்தில் இறங்க வேண்டும், தானாகச் சரிந்து விழக் கூடாது. எங்கள் அளவுகோல் அதுதான்.

தண்டில் நகம் இடறும் அளவுக்குப் படி விழுந்திருந்தால் புதுசு வாங்குங்கள். வெல்டிங் போட்டுக் கடைந்து தருவதாக லேத்தில் சொல்வார்கள். ஸ்டப், சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு. வெல்டிங் சூடு பதத்தைக் கெடுக்கும். விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும். டிரெய்லரில் லோடு ஏற்றிச் சாலையில் போகும்போது முன் சக்கரம் தனியாகப் போனால், மிச்சம் பிடித்த பணம் எதற்கும் உதவாது.

திரஸ்ட் பேரிங்கின் மூடிப் பக்கம் எது மேலே வரவேண்டும் என்பதைக் கழற்றும்போதே பார்த்து வையுங்கள். தலைகீழாகப் போட்டால் மூடி தண்ணீரை ஏந்தும் கிண்ணமாகிவிடும்.

## 6. சென்டர் பின்

கடப்பாரையை ஆக்சிலுக்கும் வார்ப்புக்கும் இடையே கொடுத்து நெம்புங்கள். மேல்கீழ் ஆட்டம் இருந்தால் பின்னும் புஷ்ஷும், முன்பின் ஆட்டம் இருந்தால் பக்க வாஷர்கள். பின்னை உருவும் முன் ஆக்சிலின் இரண்டு பக்கமும் கட்டை கொடுத்துத் தாங்குங்கள். ஆக்சில் தோன்றுவதைவிட அதிக எடை.

பின் தேய்ந்திருந்தால் பிரச்சினை சிறிது. பின் உட்காரும் வார்ப்பின் ஓட்டை நீண்டிருந்தால்தான் வேலை பெரிது. அதை மையம் பார்த்துக் கடைந்து பெரிதாக்கி, உள்ளே ஸ்லீவ் (குழாய் வளையம்) போட வேண்டும். தகரத்தை வெட்டிச் செருகி ஓட்டுபவர்கள் உண்டு. ஒரு பருவம்கூட நிற்காது.

பின் சுற்றாமல் பூட்டும் போல்ட்டை மறக்காதீர்கள். அது இல்லாமல் பின் சேர்ந்து சுற்றினால் புஷ் தேய்வதற்குப் பதில் வார்ப்பு தேயும்.

கிரீஸ் அடிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வண்டி தரையில் நிற்கும்போது பின் புஷ்ஷின் அடிப்பக்கத்தை அமுக்கிக்கொண்டிருக்கும், எடை தாங்கும் அந்த இடத்துக்குக் கிரீஸ் போகாது. முன்பக்கத்தைத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு அடித்தால் அந்த இடைவெளி திறக்கும்.

## 7. டை ராடு, டிராக் லிங்க்

பால் ஜாயிண்டைக் கழற்ற அதன் நுனியில் சுத்தியலால் அடிப்பது புதியவர்களின் பழக்கம். மறை நசுங்கும், ஜாயிண்ட் அசையாது. நட்டைத் தளர்த்தி நுனியிலேயே விட்டு, ஆர்மின் கண்ணை இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடியுங்கள். கண் ஒரு நொடி விரிந்து டேப்பர் தானாக விடும். புல்லர் இருந்தால் இன்னும் நல்லது.

டை ராடின் ஒரு முனை வலது மறை, இன்னொன்று இடது மறை. குழாயைத் திருப்பினாலே நீளம் மாறுவதற்காக அப்படி. கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். பூட்டும்போது தொடக்க அளவு கையில் இருக்கும்.

புது ஜாயிண்டைப் போடும் முன் அதன் டேப்பரில் சாக்பீஸ் தேய்த்து ஆர்மின் ஓட்டையில் அழுத்தித் திருப்புங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி அழிந்தால் சரி. ஓரிடத்தில் மட்டும் அழிந்தால் ஓட்டை தேய்ந்திருக்கிறது. ஆர்மையும் மாற்றாமல் விட்டால் புது ஜாயிண்ட் ஒரு மாதத்தில் ஆடும். ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேர்ப்படவில்லை என்று நட்டைத் தளர்த்தக் கூடாது, அடுத்த வாய் வரும்வரை இறுக்கவே வேண்டும்.

## 8. ஸ்டீரிங் பாக்ஸ்

எல்லாரும் முதலில் தொடுவது இதைத்தான். மேலே ஒரு ஸ்க்ரூவும் நட்டும் கண்ணில் படும், திருகினால் ஆட்டம் குறைந்ததுபோல இருக்கும். உண்மையில் ஆட்டம் புஷ்ஷில் இருக்க, பாக்ஸை இறுக்கிக் கியரைத் தின்னவைக்கிறோம்.

டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு ஸ்டீரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுற்றி, மொத்தச் சுற்றை எண்ணி, சரிபாதிக்குக் கொண்டுவாருங்கள். ஸ்க்ரூவை அங்கே வைத்துத்தான் திருக வேண்டும். நேராக ஓட்டும் நேரமே அதிகம், தேய்வும் நடுவில்தான் அதிகம். திருகியதும் மறுபடி முனைக்கு முனை சுற்றுங்கள். நடுவில் சரியாகி ஓரங்களில் பிடித்தால் கியர் ஆயுள் முடிந்தது. ஸ்க்ரூவால் அதைக் காப்பாற்ற முடியாது.

உள்ளே 90-ஆம் எண் கியர் ஆயில். வடிக்கும்போது மோர் போல வந்தால், மழையில் நின்ற வண்டியில் ஸ்டீரிங் தண்டு வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மேல் மூடியை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றுவது வீண்.

## 9. டோ-இன்

முன்சக்கரங்கள் முன்புறம் சற்று உள்நோக்கி நெருங்கி நிற்கும் அளவுதான் டோ-இன். சமதரையில் சக்கரங்கள் நேராக நிற்க, இரண்டு டயரின் முன்புறம் ஹப் உயரத்தில் நடுக்கோட்டில் சாக்பீஸ் புள்ளி வைத்து அளங்கள். அந்தப் புள்ளிகள் பின்புறம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை முன்னோக்கித் தள்ளி மறுபடி அளங்கள். முன் அளவு பின் அளவைவிட 3 முதல் 6 மி.மீ. குறைவாக இருப்பது பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி. உங்கள் மாடலின் கையேடு வேறு சொன்னால் கையேடுதான்.

பின்னோக்கித் தள்ளி அளக்காதீர்கள். ஜாயிண்டுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்து பொய்க் கணக்குக் காட்டும். பவர் ஸ்டீரிங் போடுபவர்கள் வேலை முடிந்ததும் இதை மறுபடி பார்க்க வேண்டும்.

## 10. பவர் ஸ்டீரிங்: வாங்கும் முன் கணக்கு

இப்போது பேசுவது பாக்ஸை எடுத்துவிட்டு, ஸ்டீரிங்குக்குக் கீழே ஹைட்ராலிக் யூனிட், முன்னால் சிலிண்டர், நடுவில் ஹோஸ் என்று வரும் வகை. உங்கள் மாடலே பவர் ஸ்டீரிங்குடன் வந்திருந்தால் அதன் ஆக்சில் ஆர்ம்களையும் பிராக்கெட்டையும் தேடுங்கள். உட்புறச் சக்கரம் வெளிப்புறத்தைவிட அதிகம் திரும்ப அந்த ஆர்ம்களின் கோணமே காரணம். வெல்டிங்கில் ஊகித்து ஒட்டினால் அது வராது.

ஃபெர்குசன் வழிவந்த பழைய வண்டிகளில் பாக்ஸின் இரண்டு பக்கமும் டிராப் ஆர்ம் இருக்கும், இரண்டு டிராக் லிங்க் போகும், குறுக்கே டை ராடு இருக்காது. இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது அந்தப் பாக்ஸ்தான். பாக்ஸை எடுத்தால் குறுக்கே டை ராடு புதிதாக வந்தாக வேண்டும். இதை யோசிக்காமல் கிட் வாங்கி வந்து நிற்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

சிலிண்டருக்கும் யூனிட்டுக்கும் பொருத்தம் பாருங்கள். 50 மி.மீ. துளை, இரு பக்கமும் 25 மி.மீ. ராடு, 200 மி.மீ. ஓட்டம் கொண்ட சிலிண்டர் என்று வைத்துக்கொள்வோம். அது கொள்ளும் எண்ணெய் சுமார் 295 சி.சி. ஒரு சுற்றுக்கு 80 சி.சி. தரும் யூனிட் என்றால் முனைக்கு முனை ஏறத்தாழ 3.7 சுற்று. நல்ல அளவு. 50 சி.சி. யூனிட் என்றால் ஆறு சுற்று. வயல் முனையில் திருப்புவதற்குள் வரப்பு வந்துவிடும்.

அதே சிலிண்டர் 100 பார் அழுத்தத்தில் தள்ளும் விசை ஏறத்தாழ ஒன்றரை டன். புஷ்ஷையும் ஆர்மையும் முதலில் சரிசெய்யச் சொன்னது இதனால்தான். ரிலீஃப் வால்வை (அழுத்தத்துக்கு உச்ச வரம்பு வைக்கும் வால்வு) கண்டபடி ஏற்றாதீர்கள். நின்ற இடத்தில் சக்கரம் திரும்பினால் அந்த அழுத்தம் போதும்.

## 11. பம்ப்

பின்னால் கருவியைத் தூக்க வண்டியில் ஏற்கனவே இருக்கும் லிஃப்ட் பம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். ஃபெர்குசன் வகையில் லிஃப்ட் பம்ப், பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. தண்டில் ஓடுகிறது. பி.டி.ஓ.வைத் துண்டித்தாலோ, ஒற்றை கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தாலோ பம்ப் நிற்கும், ஸ்டீரிங்கும் கல்லாய்க் கனக்கும். இன்ஜினிலிருந்து நேராக ஓடும் தனி பம்ப் வேண்டும். கியரில் ஓட்ட இடமிருந்தால் பெல்ட் வேண்டாம். சேற்றில் பெல்ட் வழுக்கும்.

அளவு: நொடிக்கு ஒரு சுற்று திருப்ப 80 சி.சி. யூனிட்டுக்கு நிமிடத்துக்கு 4.8 லிட்டர். கசிவுக்கும் சேர்த்து ஆறு லிட்டர் என்று வையுங்கள். இன்ஜின் வேகத்திலேயே சுற்றும் 8 சி.சி. பம்ப், 800 சுற்று ஐடிலில் (வேகம் கொடுக்காமல் இன்ஜின் ஓடும்போது) 6.4 லிட்டர் தரும். கணக்கை எப்போதும் ஐடிலில் போடுங்கள், ஸ்டீரிங் கனக்கும் நேரம் அதுதான்.

## 12. மாட்டும் வரிசை

முதலில் சிலிண்டரையும் டை ராடையும் ஹோஸ் இல்லாமல் மாட்டி, சக்கரத்தைக் கையால் இரு முனைக்கும் திருப்புங்கள். ஆக்சிலில் உள்ள ஸ்டாப் போல்ட் முட்டும்போது சிலிண்டரில் இன்னும் சில மில்லிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். சிலிண்டரே முட்டினால் ஒன்றரை டன்னும் அதன் மூடியில் இறங்கும்.

அடுத்து ஆப்பை எடுத்துவிட்டு ஆக்சிலை முழுதாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து ஹோஸ் நீளம் குறியுங்கள். ஆக்சில் சமமாக இருக்கும்போது அளந்து வெட்டிய ஹோஸ், முதல் வரப்பு ஏறும்போதே இழுபட்டுப் பிய்யும்.

யூனிட்டில் பி, டி, எல், ஆர் என்று நான்கு வாய். பம்ப் பி-க்கு, டேங்க்குக்குத் திரும்புவது டி-க்கு, எல், ஆர் இரண்டும் சிலிண்டருக்கு. ஹோஸ்களை உள்ளே டீசல் விட்டுக் கழுவி ஊதிய பிறகே மாட்டுங்கள், வெட்டும்போது விழுந்த ரப்பர் துகள் ஒன்று போதும் யூனிட்டைக் கெடுக்க.

முன்சக்கரம் தூக்கிய நிலையில் ஐடிலில் ஓட்டி, முனைக்கு முனை மெதுவாகப் பத்து முறை திருப்புங்கள். முனையில் பிடித்து நிறுத்தாதீர்கள். காற்று வெளியேற வெளியேற டேங்க்கில் எண்ணெய் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். வலது திருப்பினால் இடது போகிறதென்றால் எல், ஆர் ஹோஸை மாற்றுங்கள். இதை ஸ்டாண்டிலேயே பார்த்துவிட வேண்டும். பார்க்காமல் கொட்டகையிலிருந்து ஓட்டி வெளியே வந்த ஒருவர் தூணில் போய் நின்றார்.

கடைசியில் காலி வெளியில் இன்ஜினை நிறுத்திவிட்டுத் திருப்பிப் பாருங்கள். கனமாக இருக்கும், ஆனால் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் சாலைக்கு எடுக்காதீர்கள், டிரெய்லரும் மாட்டாதீர்கள்.

## 13. முதல் பத்து மணி நேரம்

பத்து மணி நேரம் ஓடியதும் எல்லா நட்டையும், ஹப் ஆட்டத்தையும், டோ-இன்னையும் மறுபடி பாருங்கள். புது டேப்பரும் புது பேரிங்கும் அதற்குள் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும். சேறு அடிக்கும் நாட்களில் மாலையிலேயே, வண்டியைக் கழுவும் முன், ஸ்டப்பிலும் சென்டர் பின்னிலும் புது கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். புஷ் ஓரத்தில் நிற்கும் சேறு அதோடு வெளியே வரும். கழுவிய பிறகு அடித்தால் தண்ணீர் அதற்குள் உள்ளே போயிருக்கும்.